யார் வீட்டுக் கடி

எங்கள் அண்ணியின் காதில் கம்மல் இருக்கிறதோ இல்லையோ, காது மடலுக்கு மேலே ஒரு நீலப் பேனா இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் அதை எடுத்து ஜன்னல் ஓரம் வைப்பார். "அண்ணி, படுக்கும்போதாவது எடுங்க, கண்ணுல குத்திக்கப் போகுது" என்று நான் சொன்னால், "குத்தினா என் கண்ணுதானே, உனக்கென்ன வலிக்குதா?" என்பார். அப்படிப்பட்ட மனுஷி.

நான் அவருடைய நாத்தனார். அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டவள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள் என்னோடு கொஞ்ச நேரம் பேசினால் போதும், அவர்களுக்கே புரிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை அண்ணி எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார். சமையல் என் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவர் 'பெரியத்தை', நான் 'சோத்து அத்தை'. நன்றாக வைத்தார்கள் பேர்!

காலையில் எந்தக் குழந்தையும் நேரே உள்ளே வந்துவிட முடியாது. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு முக்காலி கிடக்கும். அதில் குழந்தையை நிறுத்தி அண்ணி உடம்பு பார்ப்பார். கை, கால், கழுத்து, காதின் பின்பக்கம், முழங்கால் மடிப்பு. எங்கேயாவது கொசு கடித்த தடிப்பு இருந்தால் காதிலிருந்து பேனா இறங்கும். தடிப்பைச் சுற்றி ஒரு நீல வட்டம் விழும். "இது உங்க வீட்டுக் கடி, பார்த்துக்குங்க" என்று பெற்றவர்களிடம் காட்டிவிட்டுத்தான் குழந்தையை இறக்கிவிடுவார். சாயங்காலம் ஒப்படைக்கும்போது மறுபடியும் முக்காலி. அப்போது வட்டம் இல்லாத தடிப்பு ஏதாவது தெரிந்தால், அது எங்கள் வீட்டுக் கடி. அப்படி ஒன்று வெகுநாளாக இருந்ததே இல்லை. அதில் அண்ணிக்கு ஒரு கர்வம் உண்டு, இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

இந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்றால், ஃபேக்டரியிலிருந்து வந்தது. அண்ணி பல வருஷம் துணி தைக்கும் ஃபேக்டரியில் செக்கிங் மேஜையில் நின்றவர். தையல் விட்ட இடம், சின்ன ஓட்டை, கறை, எதைக் கண்டாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். என் கைக்கு வரும் முன்பே இருந்த குறை இது என்பதற்கு அந்த வட்டம்தான் சாட்சி. போட மறந்தால் பழி செக்கிங் தலையில் விழும். ஃபேக்டரியை ஒருநாள் இழுத்து மூடினார்கள். மேஜை போயிற்று, கண் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போக வேண்டி ஒரு குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள், பிறகு இன்னொருத்தி, அப்புறம் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

கொசு பயம் பிடித்தது போன மழைக்காலத்தில். பின்தெருவில் ஒரு குழந்தை டெங்கு வந்து போய்விட்டது. அண்ணிக்கு அந்தக் குழந்தையை முன்பின் தெரியாது. இருந்தாலும் துக்கம் கேட்கப் போனார். திரும்பி வந்தவர், "வாசல்ல அதோட செருப்ப யாரும் எடுக்கவே இல்ல" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் தண்ணீருக்கு நிம்மதி கிடையாது.

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். வாசலுக்கும் வலைக்கதவு. பகலில் தூங்கும் பிள்ளைகளுக்கு மேலே கொசுவலை, பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகி. முழுக்கைச் சட்டை, காலுறை. கொளுத்திப் புகை போடுவது பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது என்று கொசுவர்த்திச் சுருளை வீட்டுப் படியேற விடவில்லை. ஒரு தகப்பன் ஏதோ இலை எண்ணெய் கொண்டுவந்து தடவச் சொன்னபோது, "மூணு வயசு முடியாத பிள்ளைக்குக் கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கு, படிச்சீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பூந்தொட்டித் தட்டுகளில் மணல் கொட்டினார். வாளிகளைக் கவிழ்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதையும் இழுத்துத் துடைத்தார். என் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் தண்ணீர்ச் சொம்பைக் கூட விடியுமுன் எடுத்துக் கொட்டிவிடுவார். "அண்ணி, அது நான் குடிக்கிற தண்ணி. கொசு எனக்குப் பயந்து பக்கத்துலயே வராது" என்றேன். "அது என்னவோ உண்மைதான்" என்று சொல்லிக்கொண்டே கொட்டினார்.

பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. கப்பில் தண்ணீர் மிச்சம் வைக்கக் கூடாது. நின்ற தண்ணீரில் கொசு முட்டை போடும். குடித்து முடித்துக் கப்பைத் தட்டில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்துத் தட்டும் சத்தம் கேட்டால் அண்ணி கைதட்டுவார். "என் தங்கங்களா!" என்பார். சாயங்காலம் தாய்மார்களிடம் பெருமை வேறு: "உங்க பிள்ளை ஒரு சொட்டு மிச்சம் வைக்கல தெரியுமா?" தாய்மார்கள் வாயைப் பிளப்பார்கள். வீட்டில் ஒரு வாய் குடிக்க வைப்பதற்குள் உயிர் போகிறதே, இங்கே மட்டும் எப்படி என்று கேட்பார்கள். அண்ணி சிரித்துக்கொள்வார்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று, கேள்வி. நாலு வயசுப் பையன். சூரியன் ஏன் சுடுகிறது, பல்லிக்கு அம்மா யார், சோத்து அத்தைக்கு ஏன் மீசை இருக்கிறது என்று வாய் ஓயாது. இன்னொன்று, பஞ்சு. மூன்று முடியாத பெண் குழந்தை. பஞ்சு பறப்பதுபோல ஒரு தலைமுடி, அதனால் அந்தப் பேர். அம்மா பேக்கரியில் வேலை பார்க்கிறாள். எல்லோருக்கும் முன்னால் வந்து விட்டுவிட்டு, எல்லோருக்கும் பின்னால் வந்து கூட்டிப்போவாள். புருஷன் எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவளுக்கு உலகத்திலேயே பஞ்சு ஒருத்திதான். அண்ணிக்கும் பஞ்சு என்றால் கொஞ்சம் கூடுதல்தான், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

இந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், முக்காலியில் நின்ற கேள்வியின் முழங்கைக்குக் கீழே ஒரு தடிப்பு தெரிந்தது. வட்டம் இல்லை. அண்ணியின் முகம் செத்துவிட்டது. "இது எங்க வீட்டுக் கடிங்க" என்று அவன் அப்பாவிடம் சொன்னார். அந்த மனுஷன், "அட விடுங்க, கொசு கடிக்காம யானையா கடிக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். அண்ணி சிரிக்கவில்லை. மறுநாள் இன்னொரு குழந்தைக்கு. பிறகு பஞ்சுவுக்குக் கணுக்காலில். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். தொட்டி மூடி, கழிவுநீர்க் குழாய், மொட்டைமாடி, எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு தண்ணீர் நின்ற இடமில்லை.

"அப்ப வெளியேருந்துதான் வருது" என்றார் அண்ணி. வெளியே என்றால் எதிரே டயர்க்கடை. கடைக்காரர் பழைய டயர்களை வாசலில் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார். மழைத்தண்ணீர் டயருக்குள் நின்றால் கொசுவுக்கு அரண்மனை. அண்ணி தெருவைக் கடந்து போய் ஊரே கேட்கும்படி பிடித்துக்கொண்டார்.

"உங்க டயருக்குள்ள என்ன இருக்குன்னு என்னைக்காவது எட்டிப் பார்த்தீங்களா? எம் பிள்ளைங்க ரத்தத்தக் குடிச்சு வளர்ற கொசு இருக்கு!"

"ஏங்க, கொசு என்ன எங்கிட்ட வாடகை குடுத்தா இருக்கு?"

"நக்கலா? உங்களுக்கும் பேரப்பிள்ளை இருக்குல்ல?"

அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் அடங்கிவிட்டார். அடுத்த நாளே டயரெல்லாம் கடைக்குள்ளே போய்விட்டது, மிச்சத்துக்கு மேலே தார்ப்பாய். அண்ணிக்கு அதுவும் போதவில்லை. சுகாதார ஆய்வாளரை வரவழைத்துக் கடையைச் சோதிக்கச் சொன்னார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கையோடு அண்ணி அவரை எங்கள் வீட்டுக்குள்ளும் வலிய அழைத்துக் காட்டினார். "இந்த மாதிரி வீட்ட நான் பார்த்ததே இல்லம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார் மனுஷன். கடி மட்டும் நிற்கவில்லை.

அண்ணி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பகலெல்லாம் கையில் மின்சாரப் பேட்டோடு மூலைமூலையாக நிற்பார். பட்டென்று ஒரு சத்தம் கேட்டால் முகம் மலரும், அடுத்த நிமிஷமே வாடும். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்குமே. எனக்கோ எரிச்சல். "கொசுவுக்கே உங்களப் பார்த்தாப் பாவமா இருக்கும் அண்ணி" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், ஆனால் வீட்டில் ஒருத்தராவது திட்டிக்கொண்டிருந்தால்தானே வேலை நடக்கும்.

அப்புறம் ஒரு காலையில் பஞ்சு வரவில்லை. போன் பண்ணினால், காய்ச்சல் என்றாள் பேக்கரிக்காரி. அனலாகக் கொதிக்கிறது, கண் பின்னால் வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாள் என்றாள். அண்ணி போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் சோதித்தார்கள். டெங்கு என்று வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அடுத்த போனில் பேக்கரிக்காரி அழுதாள். "எல்லாம் என்னாலதான் அக்கா. போன வாரம் லீவு நாள்ல அவள பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பின்னாடி தண்ணி டிரம் ஒண்ணு திறந்தே கிடக்கும். அங்கதான் விளையாடிட்டு இருந்தா. நானே எம் பிள்ளைய..." என்று மேலே சொல்லமுடியாமல் விக்கினாள்.

போனை வைத்ததும் அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். அந்த மூச்சில் துக்கம் எவ்வளவு, அப்பாடா எவ்வளவு என்று எங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

சில நாளில் காய்ச்சல் விட்டது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். அண்ணி டாக்டரிடமே போனில் கேட்டுவிட்டு வந்து என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். "காய்ச்சல் விடுற நேரந்தான் கண்டமாம். வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், எது வந்தாலும் உடனே சொல்லணுமாம். பிளேட்லெட் இறங்கிட்டே இருக்காம். இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தோம். கேள்வி என் முந்தானையை இழுத்தான்.

"சோத்து அத்த, பஞ்சு எப்ப வருவா?"

"வருவாடா. கஞ்சியக் குடி."

"பஞ்சுக்கும் குதிரை மாதிரி உடம்பு சரியில்லையா?"

"ஆமா. குடி."

"குதிரை அவ்வளவு தண்ணி குடிக்குதே, அது ஏன் ஒண்ணுக்கே போக மாட்டேங்குது?"

எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் ஆடுகுதிரை இருந்தது. மேலே ஏறி ஆடும் சட்டம் ஒரு பக்கம் உடைந்துபோய் ரொம்ப நாளாகிறது. குப்பையில் போடப் பிள்ளைகள் விடவில்லை. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, கூடத்துப் படிக்கட்டுக்குக் கீழே இருட்டில் நிறுத்திவைத்து வைத்தியம் பார்த்தார்கள். கழுத்தில் துண்டு சுற்றுவார்கள், காய்ச்சல் பார்ப்பார்கள். நாங்களும் வேடிக்கை பார்த்துச் சிரிப்போம்.

"யாருடா குதிரைக்குத் தண்ணி குடுக்கிறது?" என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"எல்லாரும்" என்றான். "கப்புல மிச்சம் வைக்கக் கூடாதுல்ல? கொசு வரும்ல? அதான் மிச்சத்த குதிரைக்குக் குடுத்துட்டுக் கவுத்திருவோம். சளி பிடிச்சா நிறைய தண்ணி குடிக்கணும்னு பெரியத்த சொல்லிருக்காங்கல்ல?"

அண்ணியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

படிக்கட்டுக்கு அடியில் போய்க் குதிரையைத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். கடிவாளக் கயிறு போயிருந்த இடத்தில் வாயில் ஒரு ஓட்டை, பிள்ளைகளின் கப்பு விளிம்பு பொருந்தும் அளவு. இரண்டு பேருமாக இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய் வெள்ளை டப்பில் தலைகீழாகச் சாய்த்தோம். கொட்டியது, கொட்டியது, அவ்வளவு தண்ணீர். டப்பின் வெள்ளையில் புழுக்கள் நெளிந்தன. தலைகீழாகத் தொங்கின, துள்ளின. இரண்டு கொசு அந்த ஓட்டை வழியே எங்கள் கண்ணெதிரே பறந்து போயின.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினோம். டயர்க்காரரைத் தெருவில் வைத்துக் கிழித்தோம். ஆய்வாளர் இந்தக் குதிரையைத் தாண்டித்தான் நடந்து போனார். நடுக்கூடத்தில், எங்கள் சட்டப்படியே, எங்கள் கைதட்டலுக்காகவே, பிள்ளைகள் கொசு வளர்த்திருக்கிறார்கள். அண்ணி அடித்த வலை வெளியே இருப்பதை உள்ளே விடவில்லை, உள்ளே பிறந்ததை வெளியேயும் விடவில்லை. இருக்கிற ரத்தமெல்லாம் பிள்ளைகள் ரத்தம்.

நான் சட்டென்று டப்பைத் தூக்கினேன். "கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவிடலாம் அண்ணி. முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வை."

"அண்ணி, சொன்னாக் கேளுங்க. டிரம்முலதான் கடிச்சிருக்கும்னு அவளே சொல்லிட்டா. நாம போய் ஏன் வாயக் குடுத்து..."

"அதனாலதான் சொல்றேன், வை" என்றார் அண்ணி. "அவ அங்க பிள்ளை பக்கத்துல உக்காந்து, நானே கொன்னுட்டேன் நானே கொன்னுட்டேன்னு தன்னையே தின்னுக்கிட்டு இருக்கா. நான் இங்க டப்பு கழுவவா?"

அவர் சொன்னபடியே டப்பைக் கீழே வைத்தேன். அது அபூர்வமாக நடப்பது.

சாயங்காலம் வந்த ஒவ்வொரு பெற்றவரையும் அண்ணி குளியலறைக்குக் கூட்டிப்போய் டப்பைக் காட்டினார். எதையும் மறைக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ரத்தம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு அம்மா தன் பிள்ளையின் பையையும் மாற்று உடுப்பையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தர், "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணீங்களே" என்றார். கேள்வியின் அப்பா மட்டும் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இவன் வாய் ஒருநாள் உபயோகப்படும்னு எனக்குத் தெரியும்" என்றார். கடைசிக் குழந்தை போனதும் டப்பைக் கொட்டிச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். பிறகு அண்ணி செருப்பை மாட்டினார். நானும் கூடவே கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி வலை கட்டியிருந்தார்கள். உள்ளே பஞ்சு கண்மூடிப் படுத்திருந்தாள். புறங்கையில் ஊசி குத்திப் பட்டை ஒட்டியிருந்தது. பேக்கரிக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈறில் ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறாள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அண்ணி நின்றபடியே சொன்னார். குதிரை, தண்ணீர், புழு, எல்லாம். "உன் டிரம்மு இல்லம்மா. உன்னால இல்ல. எங்க வீட்லதான் இருந்துச்சு."

ரவுண்டு வந்த டாக்டர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். "எந்தக் கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. பகல்ல கடிக்கிற கொசு எங்கவேணா கடிக்கும்" என்றார். நல்ல மனுஷி, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறுதலை அண்ணி எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் நகர்ந்ததும் பேக்கரிக்காரி பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தினமும் காலைல வட்டம் போடுவீங்களே அக்கா. பெத்த நானே இப்படிப் பார்த்ததில்ல, இவங்க எம் பிள்ளைய எவ்வளவு உத்துப் பார்க்கிறாங்கன்னு நினைச்சு நினைச்சு சந்தோஷப்பட்டேன். நிம்மதியா வேலைக்குப் போனேன். இப்பத்தான் புரியுது. அது அவளுக்குப் போட்ட வட்டம் இல்ல. உங்க மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க போட்டுக்கிட்டது."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடியே, உன் பிள்ளைக்காக இவர் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாரே, வேறு யாராவது வந்து சொல்லியிருப்பார்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஆமாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். மறுநாள் முக்காலியில் நின்ற பிள்ளைகளை வெறும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வந்தவர்களே பாதிப் பேர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. நாங்கள் பண்ணினாலும் அவள் எடுக்கவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அண்ணி எழுந்து நிற்பார், எடுக்கமாட்டார், நான்தான் எடுக்க வேண்டும். எதிர்முனையில் யாராவது எண் மாறிப் பேசினால் அவர்களை நான் வைத வசவு எனக்கே வெட்கம். கடைசியில் கேள்வியின் அப்பாதான் ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். கேட்டுக்கு வெளியே இருந்தே கத்தினார்: "ஏறுதுங்க! பிளேட்லெட் ஏறுது! இட்ட சோத்தத் துப்பிட்டு பிஸ்கட் கேக்குதாம்!" அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு குதிரையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து டயர்க்கடைக்குப் போனார் அண்ணி. நடந்ததைச் சொல்லி, "உங்கள அநியாயமா பேசிட்டேன்" என்றார்.

"அதனாலென்னங்க" என்றார் கடைக்காரர். "நீங்க பேசினதுலதான் என் கடை கடை மாதிரி ஆச்சு. எம் பேத்தியே உள்ள வந்து உக்கார்றா." குதிரையை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் டயருக்கு ஒட்டுவதுபோல ஒரு ஒட்டுப் போட்டு அடைத்தார். வயிற்றுக்கு அடியில் பெரிதாக ஒரு துளை போட்டார், உள்ளே எது போனாலும் நிற்காமல் ஓடிவிடும்படி. எங்கள் கூடவே வந்திருந்த கேள்வி உட்கார்ந்து கீழிருந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணுக்குப் போகும்" என்று ஒப்புக்கொண்டான்.

மழைக்காலம் முடியும் நேரம். ஒரு காலை, யாரும் வராத முன்னேரத்தில் கேட் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரி நின்றாள். இடுப்பில் பஞ்சு, பாதியாக இளைத்து. அவள் அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேற இடத்துல விட்டுப் பார்த்தேன். அழுதுக்கிட்டே இருக்கா. பெரியத்த பெரியத்தங்கிறா. எனக்கும் லீவு முடிஞ்சுபோச்சு" என்றாள் கேட்டைப் பார்த்து.

பஞ்சு யாரும் சொல்லாமலே இறங்கி முக்காலியில் ஏறி நின்றுகொண்டாள். அண்ணி அவளைத் தொடவே பயந்தார். பிறகு விரலால் தடவினார், கை, கால், கழுத்து, காதின் பின்பக்கம், முழங்கால் மடிப்பு. ஒரு கடிகூட இல்லை. சுத்தமான உடம்பு. முடிந்தது என்று அண்ணி நிமிர்ந்தபோது பஞ்சு புறங்கையை நீட்டினாள். ஊசி குத்திய இடம் இன்னும் மஞ்சளாகக் கன்றியிருந்தது.

"பெரியத்த, இது யாரு வீட்டுக் கடி?"

பேக்கரிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அண்ணி முக்காலிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"இது எங்க வீட்டுக் கடிடா தங்கம்."

"அப்ப வட்டம் போடு."

அண்ணியின் கை பழக்கத்தில் காதுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கை அப்படியே நின்றது. பேக்கரிக்காரி தோள்பையைத் திறந்து துழாவினாள். ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அண்ணியிடம் நீட்டினாள்.

வட்டம் கோணலாக வந்தது, இரண்டு முனையும் ஒட்டவில்லை. பஞ்சு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "சாயங்காலம் கொஞ்சம் லேட்டாகும் அக்கா" என்றாள் பேக்கரிக்காரி. "ஆகட்டும்மா, நான் இருக்கேன்" என்றார் அண்ணி. அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. கஞ்சி தீய்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பை இன்னும் பற்றவைத்திருக்கவே இல்லை.